டிவிஎஸ் டோல்கேட்: அந்த மூன்று எழுத்து யாருடையது? பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பஸ் ஓட்டிய சுந்தரம் ஐயங்காரும் ஒரு பழைய கார்புரேட்டரும்

திருச்சியில் இரண்டு நாள் இருந்தவருக்குக்கூட டிவிஎஸ் டோல்கேட் தெரிந்துவிடும். கண்டக்டர் குரலில் தினமும் நூறு தடவை ஒலிக்கிற பெயர். டோல்கேட் என்றால் சுங்கச்சாவடி, சரி. டிவிஎஸ்? பைக் கம்பெனி என்பார்கள். அது பாதிதான் சரி. அது முதலில் ஒரு மனிதரின் பெயர். டி என்பது திருக்குறுங்குடி, வி என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து, எஸ் என்பது சுந்தரம். டி.வி.சுந்தரம் ஐயங்கார். அவர் மறைந்து 70 ஆண்டுகள் கடந்துவிட்டன.

இப்போது ஏன் அவர் கதை? பழைய கார் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். தாத்தா ஓட்டிய அம்பாசடரையோ பத்மினியையோ ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, ஞாயிற்றுக்கிழமை துறையூர் வழியாகப் பச்சைமலைக்கு ஒரு ரவுண்டு போய் வரலாம் என்று கிளம்புவார்கள். சோபனபுரம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி இருமும், திணறும், நின்றுபோகும். பானெட்டைத் திறந்தால் பெரும்பாலும் பழி விழுவது கார்புரேட்டர் மேல். அதோடு இன்னொரு கவலையும் இப்போது சேர்ந்திருக்கிறது. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இந்த வண்டிகளை வடிவமைத்தவர்கள் நினைத்தே பார்க்காத எரிபொருள் இது. பழைய கார்புரேட்டரைப் பழுது பார்ப்பதா, கழற்றிவிட்டு வேறு மாட்டுவதா, காரையே விற்றுவிடுவதா?

எரிபொருள் மாறிப்போய் வண்டிகள் தவித்தது இது முதல் தடவை இல்லை. 1940-களில் இதைவிடப் பெரிய மாற்றம் வந்தது. பெட்ரோலே இல்லை. அப்போது தெற்கே நூற்றுக்கணக்கான பஸ்கள் நிற்காமல் ஓட வழி செய்தவர்களில் முதன்மையானவர் இந்த டோல்கேட்டுக்குப் பெயர் கொடுத்தவர்தான்.

வக்கீல், ரயில்வே, பேங்க், பிறகு பஸ்

1877 மார்ச் 22-ல் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார் சுந்தரம் ஐயங்கார். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதற்குப் படித்தார், கொஞ்ச காலம் அந்தத் தொழிலும் பார்த்தார். பிறகு ரயில்வேயில் வேலை, அதன் பின் வங்கியில் வேலை. மூன்றுமே அன்றைக்குக் குடும்பம் பெருமைப்படும் உத்தியோகங்கள். மூன்றையும் விட்டார். இன்றைக்கு ஐ.டி. வேலையை உதறிவிட்டு ஸ்டார்ட்அப் போகிறவரை ஊர் எப்படிப் பார்க்குமோ, அப்படித்தான் அன்றும் பார்த்திருக்கும். வயது வேறு முப்பதைத் தாண்டிவிட்டது.

அவர் இறங்கிய தொழில் பஸ் விடுவது. டிவிஎஸ் குழுமம் தன் தொடக்க ஆண்டாக 1911-ஐச் சொல்கிறது. மதுரையை மையமாக வைத்து வளர்ந்தது அந்தத் தொழில். ரயில் போகாத ஊர்களுக்கு அப்போது மாட்டு வண்டி, குதிரை வண்டி, இல்லையென்றால் நடை. பஸ் ஒரு ஊருக்கு எப்போதாவது வந்தால் அது வேடிக்கை. தினமும் சொன்ன நேரத்துக்கு வந்தால்தான் அது போக்குவரத்து. ஐயங்கார் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவதை. டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்ற பேச்சு மதுரைப் பக்கம் இன்றும் உண்டு. மாட்டு லாடத்திலிருந்து சாலையில் விழும் ஆணிகள் டயரைக் கிழிக்காமல் இருக்க, காந்தம் பொருத்திய வண்டியை முன்னால் அனுப்பி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்ற கதையும் சொல்வார்கள். கதையோ நிஜமோ, அப்படி ஒரு கதை அந்த கம்பெனி மேல்தான் ஒட்டிக்கொண்டது என்பதைக் கவனிக்கலாம்.

நேரம் தவறாமல் ஓட்டுவது டிரைவர் சாமர்த்தியத்தில் இல்லை, ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. இதுதான் ஐயங்காரின் வியாபாரத்தின் அடிப்படை. வண்டி வெளிநாட்டில் செய்தது. ஒரு சின்னப் பாகம் உடைந்தால் கப்பலில் வரவேண்டும். அதுவரை பஸ் நிற்கும், வருமானம் நிற்கும், பயணி மறுபடி மாட்டு வண்டிக்குப் போய்விடுவார். ஆகவே பஸ்ஸோடு கூடவே ஒர்க்‌ஷாப், ஒர்க்‌ஷாப்போடு கூடவே உதிரிபாகக் கிடங்கு என்று வளர்ந்தது தொழில். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று பின்னால் வந்த நிறுவனங்கள் இந்தத் தேவையின் கிளைகள். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பெரிய விற்பனையாளராக சுந்தரம் மோட்டார்ஸ் 1950-களில் நின்றது. விற்பதைவிட விற்ற பிறகு பார்த்துக்கொள்வதில்தான் அவர்கள் பெயர் எடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

கார்புரேட்டர் என்ன செய்கிறது?

மேலே போவதற்கு முன் இதைப் புரிந்துகொள்வோம். போரில் நடந்ததும் இன்று நடப்பதும் இதை வைத்துத்தான்.

பெட்ரோல் தனியாக எரியாது, காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் இன்ஜினுக்குள் வெடிக்கும். 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று. கார்புரேட்டரின் ஒரே வேலை இந்தக் கலவையைத் தயாரிப்பது. அதற்குள் ஒரு குழாய், நடுவில் இடுப்பு போல ஒடுங்கியிருக்கும். இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அந்த ஒடுக்கத்தில் காற்று வேகம் எடுக்கும், அங்கே அழுத்தம் குறையும். பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கிறது. அழுத்தம் குறைந்த இடத்துக்கு அது ஜெட் என்ற ஊசித்துளை வழியாகப் பீறிட்டு வந்து காற்றோடு புகையாய்க் கலக்கும். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வது ஒரு மிதவை, அதுதான் ப்ளோட். நம் வீட்டு மாடித் தொட்டியில் இருக்கும் பால் வால்வேதான். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் குழாயில் இருக்கும் வட்டத் தகடு திறக்கும், காற்று அதிகம் போகும், பெட்ரோலும் அதிகம் வரும். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெட்டின் துளை அளவு ஒன்றுதான், அது மாறாது. காற்று மெலிந்தாலும், எரிபொருள் மாறினாலும் கார்புரேட்டருக்குத் தெரியாது. கடல் மட்டத்திலிருந்து 2,000 அடி ஏறினால் காற்று சுமார் 6 சதவீதம் மெலிகிறது. பச்சைமலை ஏறும்போது கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடும். நன்றாக இருக்கும் வண்டிக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே நிற்கிற வண்டி பெரும்பாலும் கீழேயே நோயாளியாக இருந்த வண்டி. அல்லது சூட்டில் பெட்ரோல் பம்ப்பிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டிருக்கும். பழைய டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவது இதற்குத்தான்.

1942: பெட்ரோல் நின்றது

இரண்டாம் உலகப் போர். 1941-லேயே இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. நமக்கு எண்ணெய் வந்துகொண்டிருந்த பெரிய வழிகளில் ஒன்று பர்மா. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போகும் முன்பு, அருகே சிரியத்தில் இருந்த சுத்திகரிப்பு ஆலையைப் பிரிட்டிஷாரே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். மலேயாவும் போனது, அதோடு ரப்பரும். கிடைத்த கொஞ்சப் பெட்ரோலும் ராணுவத்துக்கு. பஸ் முதலாளிக்கு இது கடை மூடும் நேரம்.

சுந்தரம் ஐயங்காருக்கு அப்போது வயது 65. ஓய்வு எடுக்கலாம். எடுக்கவில்லை. அவருடைய நிறுவனம் டிவிஎஸ் கேஸ் பிளான்ட் என்ற கருவியைச் செய்து விற்கத் தொடங்கியது. நம் கொள்ளுத்தாத்தாக்கள் கரிகேஸ் பஸ் என்று சொன்னது இந்த மாதிரிக் கருவி பொருத்திய பஸ்களைத்தான்.

கருவி பார்க்க எளிது. பஸ்ஸின் பின்னால் அல்லது பக்கத்தில் ஆளுயர இரும்பு டிரம். அதில் அடுப்புக்கரி. கீழே நெருப்பு. காற்றை வேண்டுமென்றே குறைவாக விடுவார்கள். கரி முழுதாக எரிந்தால் கார்பன் டை ஆக்ஸைடு, அது எரியாது. அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு, அது எரியும். இந்த வாயுவை குழாய் வழியே குளிர்வித்து, சாம்பல் தூசியை வடிகட்டி, கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் வழியில் காற்றோடு கலந்து விடுவார்கள். காரின் இன்ஜினை மாற்ற வேண்டியதில்லை, கலவை தயாரிக்கும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். ஐரோப்பாவில் இதே காலத்தில் லட்சக்கணக்கான வண்டிகள் மரக்கட்டையிலும் கரியிலும் இப்படி ஓடின. இது தமிழ்நாட்டுக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கே கிடைக்கும் கரிக்கும், இங்கே இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் ஏற்றபடி செய்து, பழுது பார்க்கும் ஆட்களோடு சேர்த்து விற்றதுதான் இவர்கள் செய்த காரியம்.

ஓட்டுவது மட்டும் எளிதில்லை. காலையில் கிளீனர் வந்து டிரம்மைத் தட்டிச் சாம்பலை அள்ளி, கரி போட்டு, நெருப்பு வைத்து, கையால் சுற்றும் ஊதுவிசிறியைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எரியும் வாயு வரப் பல நிமிடம் ஆகும். முதலில் கொஞ்சம் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் கேஸுக்கு மாற்றுவதும் உண்டு. அதனால் கார்புரேட்டரைத் தூக்கிப் போடவில்லை, அது பக்கத்தில் காத்திருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்குச் சுமார் ஒன்றரை கிலோ கரி வேண்டும். இந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன் என்பதால் இன்ஜினின் சக்தி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்துவிடும். சமவெளியில் சமாளிக்கலாம். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதையைப் பல வீடுகளில் சொல்லியிருப்பார்கள். சோபனபுரத்திலிருந்து மேலே போகும் மாதிரி ஒரு ஏற்றத்தில் கரிகேஸ் பஸ் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆபத்தும் உண்டு. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை, மூடிய ஷெட்டில் ஆளைக் கொல்லும். வடிகட்டி சரியில்லை என்றால் கரித்தூசி உள்ளே போய் சிலிண்டரை அரத்தால் தேய்த்ததுபோல் தேய்க்கும். நல்ல தீர்வு என்று யாரும் இதைக் கொண்டாட முடியாது. பெட்ரோல் திரும்பக் கிடைத்ததும் எல்லோரும் டிரம்மைக் கழற்றினார்கள். ஆனா அந்தச் சில வருடம் சந்தைக்கு ஆள் போனதும், ஆஸ்பத்திரிக்கு நோயாளி போனதும் அந்தக் கரியில்தான். டயர் தட்டுப்பாட்டுக்கும் இதே வழியில் பதில் தேடினார்கள். பழைய டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் தொழிற்சாலை வந்தது.

வீட்டுக்குள் ஒரு மாற்றம்

இயந்திரங்களோடு இவ்வளவு வளைந்து கொடுத்த மனிதருக்கு வீட்டில் ஒரு விஷயம் கடினமாக இருந்தது. மகள் சௌந்தரம் 1904-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே திருமணம். கணவர் டாக்டர், ப்ளேகில் இறந்துபோனார். அன்றைய வைதீகக் குடும்பத்தில் இளம் விதவைக்கு என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. சௌந்தரத்தின் பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க அனுப்பினார்கள். டெல்லியில் மருத்துவம் முடித்தார். அங்கேதான் காந்தியத் தொண்டர் ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். வேறு சாதி, கேரளத்துக்காரர், அதுவும் மறுமணம். பெற்றோர் ஏற்கவில்லை. 1940-ல் காந்தியின் ஆசியோடு திருமணம் நடந்தது. பிற்பாடு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947-ல் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் இவர்தான். டிவிஎஸ் என்றால் பைக் என்று மட்டும் நினைக்கிறவர்கள் இந்தப் பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

தொழிலைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, 1955 ஏப்ரல் 28-ல் 78 வயதில் ஐயங்கார் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மகன் டி.எஸ்.சந்தானம் லாரி வாங்குவோருக்குக் கடன் கொடுக்கும் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கியிருந்தார். 1960-களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் பிரேக், மோட்டார் மின்பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் வந்தன. இறக்குமதி செய்து கிடங்கில் அடுக்கிய உதிரிபாகங்களை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். பஸ்களை மட்டும் 1972-ல் அரசு எடுத்துக்கொண்டது, அவை பாண்டியன் ரோட்வேஸ் ஆயின. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அதன் கார்புரேட்டரைக் கழற்றி வாயால் ஊதிய அனுபவம் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபோது இருசக்கர வாகனங்களிலும் கார்புரேட்டர் ஏறக்குறைய முடிந்தது. கார்களில் அது 2000-ஐ ஒட்டியே போகத் தொடங்கிவிட்டது.

சரி, ஷெட்டில் இருக்கும் வண்டிக்கு?

முதல் கேள்வி, மாற்றுவதா, பழுது பார்ப்பதா. நான் சொல்வது, உடம்பு விரிசல் விடாத வரை பழையதையே பழுது பாருங்கள். அம்பாசடரில் காலத்தைப் பொறுத்து எஸ்யூ, சோலெக்ஸ் இரண்டும் வந்தன. இரண்டும் வேறு வேறு தத்துவம், ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தாது. அதனால் கடைக்குப் போகுமுன் உங்கள் கார்புரேட்டரின் உடம்பில் வார்த்திருக்கும் பெயரையும் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வண்டியின் கார்புரேட்டரை மாட்டித் தருகிறேன் என்பவர் இருப்பார். போல்ட் துளை பொருந்துவது பெரிய விஷயமில்லை. அந்த ஒடுக்கத்தின் அளவும் ஜெட்டும் உங்கள் இன்ஜினுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் விஷயம். பெரிது மாட்டினால் சக்தி கூடும் என்பது தப்பு. மெதுவாகப் போகும்போது காற்று வேகம் எடுக்காது, பெட்ரோல் சரியாகக் கலக்காது.

பழுது பார்க்க எடுத்தால், ரிப்பேர் கிட் வாங்கி பேக்கிங் மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். பழைய கார்புரேட்டரில் உண்மையான தேய்மானம் அந்த வட்டத் தகட்டைத் தாங்கும் தண்டில் இருக்கும். தண்டு ஆடினால் பக்கவாட்டில் காற்று திருட்டுத்தனமாக நுழையும், எத்தனை தடவை ஸ்குரூவைத் திருகினாலும் ஐட்லிங் நிற்காது. தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் புஷ் போட வேண்டும். அடியில் இன்ஜினோடு சேரும் முகம் வளைந்திருந்தால் கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாள் வைத்துச் சமமாகத் தேய்க்கலாம். ப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் தெரியும். ஜெட்டில் அடைப்பு என்றால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

கடைசியாக அந்த எத்தனால். பழைய ரப்பர் குழாய், பம்ப்பின் டயஃப்ரம், தக்கை பேக்கிங் இவற்றை எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும், தண்ணீரையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் குழாயும் டயஃப்ரமும் முதல் வேலை. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று 14.7-லிருந்து சுமார் 13.5 ஆகக் குறைகிறது. அதாவது அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் சூடாகும். சோலெக்ஸ் ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் பங்காகச் சொல்வது. 120 என்றால் 1.20 மி.மீ. அதை 125 ஆக்கினால் துளையின் பரப்பு சுமார் 8.5 சதவீதம் கூடும். அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். கருப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம் பழுப்பாக இருந்தால் மறுபடி மாட்டிவிட்டு பானெட்டை மூடலாம்.